அசையாத தலை

அவருக்குக் காது கேட்காது என்று புங்குடுதீவு இறுப்பிட்டியில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் அவருக்கு விசர் என்று நம்பினார்கள். நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. அக்கா என்று நான் கூப்பிடுகிற அவருடைய வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தவள் என்பதால் அந்தக் காதுகளின் வல்லமை எனக்குத் தெரியும். நான் குசினியில் சீனிப் போத்தலைத் திறந்தால் கிணற்றடியிலிருந்து, "பிள்ளை, உது ரெண்டாம் கரண்டி" என்று குரல் வரும்.

ஆனால் ஊரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. புங்குடுதீவுக்கு வருகிற தாம்போதி வீதியின் ஓரத்தில், இரண்டு பக்கமும் கடல் கிடக்க, அவர் நட்டுவைத்த கட்டை மாதிரி நிற்பார். பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும். தெரிந்தவர்கள் சைக்கிளை நிறுத்தி, "என்னக்கா, ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்பார்கள். அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். பொழுதுபடுகிற நேரம், கேட்டவர் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில், படலையைத் திறந்துகொண்டு போய், "காலமை கேட்டனியெல்லே, ஒருத்தரையும் பாக்கேல்லை. காத்தைப் பதிஞ்சுகொண்டு நிண்டனான்" என்று சொல்லிவிட்டு வருவார். கேட்டவருக்குத் தான் என்ன கேட்டோம் என்பதே மறந்திருக்கும்.

அக்கா செய்துகொண்டிருந்தது ஒலிப்பதிவு. இரண்டு காதுக்குள்ளும் கடலை அளவில் ஒவ்வொரு மைக். அதன் வயர் பின்னலோடு இறங்கி, இடுப்பில் செருகிய சின்னப் பெட்டிக்குள் போகும். அந்தப் பதிவை ஹெட்போன் போட்டுக் கேட்டால் முன்னால் வருவது முன்னாலும், பின்னால் போவது பின்னாலும், தலைக்கு மேலே கத்துகிற காகம் தலைக்கு மேலேயும் கேட்கும். நீங்கள் கனடாவில் கட்டிலில் படுத்திருந்தாலும் அக்கா நின்ற இடத்தில்தான் நிற்பீர்கள். "நாலுபக்கச் சத்தம்" என்பது அவர் அதற்கு வைத்த பெயர். ஒரேயொரு சட்டம்தான். பதிவு ஓடும்போது தலை அசையக் கூடாது. அவர் தலையைத் திருப்பினால் கேட்பவருக்கு உலகம் சுற்றும். தும்மவும் கூடாது, மூக்கை உறிஞ்சவும் கூடாது, பதில் சொல்லவும் கூடாது. சொல்லுக்குச் சொல் திருப்பிக் கொடுக்கிற ஒரு மனுசிக்குக் கடவுள் இப்படி ஒரு தொழிலைக் கொடுத்தாரே என்று நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.

அவரிடம் எனக்குப் பிடித்ததும், சில நாட்களில் என்னை எரிச்சலூட்டியதும் ஒரே குணம்தான். நின்ற இடத்தை விட்டு நகரமாட்டார். ஒருமுறை குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் போகிற படகில், எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டார். திருவிழாக் கூட்டம். படகில் வந்த ஒருவர் தானாகவே அதிகாரம் எடுத்துக்கொண்டு, "பொம்பிளையள் எல்லாரும் கீழை இறங்குங்கோ" என்று துரத்திக்கொண்டிருந்தார். கீழே என்றால் படகின் வயிற்றுக்குள், காற்றே புகாத இருட்டு. மற்றப் பெண்கள் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். அக்கா அசையவில்லை. அந்த மனிதர் முதலில் கத்தினார், பிறகு கையால் சாடை காட்டினார், கடைசியில், "பாவம், செவிடு" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிவிட்டு விலகிப் போனார். நயினாதீவுத் துறையில் இறங்கியதும் அக்கா காதிலிருந்து மைக்கைக் கழற்றி அவரிடம் நேரே போனார்.

"நான் செவிடில்லைத் தம்பி. கீழை இறங்க எனக்கு விருப்பமில்லை."

அவரை நான் முதலில் பார்த்ததும் அப்படித்தான். நான் அப்போது புங்குடுதீவுத் தபால் கந்தோரில் வேலைக்கு வந்த புதிது. கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய பார்சல் எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இன்னும் வரவில்லை, நாளைக்கு வந்து பாருங்கள் என்றேன்.

"நாளைக்கு வாறது எண்டால் இண்டைக்கு வெளிக்கிட்டிருக்கோணும். எங்கை வருது எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லும்."

"கேட்டால் கெதியா வந்திடுமோ அக்கா?"

"வராது. நான் நிக்கிறதுக்கு எனக்கொரு காரணம் கிடைக்கும்."

நின்றார். முத்திரை வாங்க வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு வாங்கினார்கள். எனக்குக் கோபம் வந்தது, யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மத்தியானப் பையில் பார்சல் வந்துவிட்டது. சுங்கத்தில் யாரோ பிரித்துப் பார்த்து, தாறுமாறாகத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். அந்த இடத்திலேயே உடைத்து, உள்ளே இருந்த இரண்டு கறுப்புக் கடலைகளை உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார்.

"இது என்ரை தம்பியின்ரை காது" என்றார். பிறகு, "உமக்கு இருக்க இடம் கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அன்று பின்னேரமே என் பெட்டி அவர் வீட்டுக்குப் போய்விட்டது.

தம்பி வெளிநாடு போனபோது அவருடைய மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். போன இடத்தில் அகதி வழக்கு இழுபட்டு இழுபட்டு, மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடவும் முடியவில்லை, தானாக வரவும் முடியவில்லை. வந்தால் திரும்பப் போக ஏலாது. அவருடைய வைத்தியமோ அங்கேதான். சீனி வருத்தம் அவரை உள்ளே இருந்து தின்றுகொண்டிருந்தது. முதலில் வீடியோவில் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள், "அக்கா, இனிப் படம் காட்டாதேங்கோ. சத்தத்தை மட்டும் அனுப்புங்கோ" என்றாராம். கண் போய்விட்டது என்பதை அப்படித்தான் சொன்னார்.

அக்கா அழுதுகொண்டு இருக்கவில்லை. கதிரையில் போனை வைத்துப் பதிந்து அனுப்பினார். "எல்லாம் தகரப் பேணிக்குள்ளை இருந்து வாறமாதிரிக் கிடக்கக்கா" என்றார் தம்பி. அந்த ஒரு சொல் போதும். அக்கா விடவில்லை. பழைய லப்டொப்பில் காணொளிகளைப் போட்டு, நிறுத்தி, திரும்பப் போட்டு, இந்த நாலுபக்கச் சத்தம் எப்படிச் செய்வதென்று அறியத் தொடங்கினார்.

தம்பியிடம் சொல்லி எடுப்பித்த காது மைக் வந்ததும், வேறு யாரும் என்றால் மிச்சச் சாமான் வாங்குவார்கள். அக்கா கைதட்டினார். அறை அறையாகப் போய் நடுவில் நின்று ஒரு கைதட்டு. நான் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது என் அறைக்கும் வந்து தட்டிவிட்டுப் போனார். மாபிள் பதித்த ஹோல், அந்த வீட்டின் பெருமை, கைதட்டைக் கிணறு மாதிரித் திருப்பிக் கொடுத்தது. "வடிவான ஹோல், ஒரு சதத்துக்கும் உதவாது" என்று தீர்ப்புச் சொன்னார். பனங்கிழங்கு ஒடியல் சாக்கும் பழைய மெத்தையும் அடுக்கியிருந்த சாமான் அறையில்தான் தட்டின சத்தம் தட்டின இடத்திலேயே செத்தது. அங்கே மேசையைப் போட்டார். சின்ன ஸ்பீக்கர்களை நாலு மூலையிலும் வைத்து, ஒன்றைக் கூரை வளையில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். கதிரையில் இருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும் என்று மெழுகு நூலால் அளந்தார். பிறகு அந்தக் கதிரையை யாரும் தொடக் கூடாது. கூட்டக்கூட விடமாட்டார்.

சுவர் இன்னும் எதிரொலிக்கிறது என்று அலுமாரியில் இருந்த பட்டுச்சேலைகளை எடுத்து ஆணி அடித்துத் தொங்கவிட்டார். அதில் அவருடைய கூறைச்சேலையும் ஒன்று. தம்பியின் மனைவி அதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கையை வைத்தார். அக்கா அவரை மச்சாள் என்று கூப்பிடுவார்; நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். கோபமே வராத, எதற்கும் பயப்படுகிற மனுசி.

"ஐயோ மச்சாள், கூறையையோ ஆணியிலை தூக்கினனீங்கள்?"

"அலுமாரிக்கை கிடந்து பூச்சி அரிக்குது. இஞ்சை கிடந்து எதிரொலியைக் குடிக்கட்டும். அவர் இருந்தாலும் பேசாமல்தான் இருந்திருப்பார்."

அவர் என்பது அக்காவின் கணவர். தெற்கில் ஒரு பட்டணத்தில் கடை வைத்திருந்து, அங்கேயே காய்ச்சலில் போனவர். அக்கா அவரைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. கதைத்தால் பகிடியாகத்தான் கதைப்பார். நெற்றியில் பொட்டு வைப்பார். ஒருநாள் இல்லையென்றால் மறந்துவிட்டார் என்று அர்த்தம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அக்கா மூடப் பார்க்கவும் இல்லை.

அக்கா பதிவில் எதையும் வெட்டமாட்டார். கோயில் பூசைக்கு நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போனது. அதை எடுத்துவிட்டால் எவ்வளவு வடிவாக இருக்கும் என்றேன்.

"அவன் அங்கை நிண்டிருந்தால் மோட்டச்சைக்கிள் போகாமல் விடுமோ? அவனுக்கு நான் ஊரை வடிகட்டி அனுப்பேல்லைப் பிள்ளை. அவனை இஞ்சை கொண்டுவந்து நிப்பாட்டுறன்."

ஒரு தேர்த்திருவிழாவுக்கு அவருக்குக் காய்ச்சல். மைக்கை என் காதில் மாட்டிவிட்டார். நான் போய் வாசலுக்கு நேரே நின்றேன். ஆனால் என் தலை ஒரு இடத்தில் நிற்கிற தலையா? யார் கூப்பிட்டாலும் திரும்பினேன். அடுத்த நாள் தம்பி பேசினார். "அக்கா, ஆரின்ரை தலை இது? தேர் எனக்குப் பின்னாலை வருது. நாயனக்காரன் என்ரை முதுகுக்குள்ளை நிண்டு ஊதுறான். தலை சுத்திச் சத்தி வருது."

திரும்பினது என் குற்றம். முன்னால் வந்தது பின்னால் கேட்டதற்கு என் காதுதான் காரணம் என்றார் அக்கா. ஒவ்வொருவர் காது மடலும் ஒவ்வொரு வார்ப்பு. ஒருவருடைய காதில் பதிந்ததை இன்னொருவர் கேட்டால் முன்னும் பின்னும் மாறிப்போகும். அக்காவுக்கும் தம்பிக்கும் தகப்பனுடைய சுளகு மாதிரி விரிந்த காது, ஒரே அச்சு. அதனால்தான் அக்கா பதிந்தால் அவருக்கு எல்லாம் இடம் மாறாமல் கேட்டது. "பள்ளிக்கூடத்திலை எல்லாரும் இழுத்து இழுத்துப் பழிச்ச காது" என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்று அவருக்கு அந்தக் காதுகளைப் பற்றிப் பெரிய பெருமை.

பிறகுதான் மகளுக்குக் கலியாணம் பேசி முற்றாகியது. மாப்பிள்ளை யாழ்ப்பாணம். தம்பி எல்லா ஏற்பாட்டையும் தொலைபேசியில் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அக்கா, பிள்ளைக்குத் தாலி கட்டேக்கை நான் பக்கத்திலை நிக்கோணும்." அக்கா, "நிப்பாய்" என்றார். தாலி கட்டுகிற நேரத்தில் மணவறைக்குப் பக்கத்தில் நிற்க எங்கள் ஊரில் யாருக்கு உரிமை, யாருக்கு இல்லை என்பது எனக்கும் தெரியும்.

மச்சாளின் தமக்கை கொழும்பிலிருந்து வந்தார். நான் அவரைக் கொழும்பு அன்ரி என்பேன். தகப்பன் இல்லாத இடத்தில் அவரும் கணவரும்தான் பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுப்பதாக இருந்தது. வந்த அடுத்த நாள் மச்சாளையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டு ஹோலில் வந்து இருந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"வீடியோக்காரர் வருகினம். மேலாலை பறக்கிற கமராவும் வருது. பேந்தென்ன?" என்று தொடங்கினார்.

"அவனுக்குக் கண் தெரியாது" என்றார் அக்கா.

"சத்தம்தானே வேணும். பின்னுக்கு நிண்டாலும் கேக்கும்."

"பின்னுக்கு நிண்டால் பின்னுக்கு நிண்ட மாதிரித்தான் கேக்கும். சொந்த மகளின்ரை தாலிகட்டை அவன் ஆற்றையோ கலியாணத்துக்குச் சாப்பிட வந்தவன் மாதிரிக் கேக்கோணுமோ?"

"அப்ப வேற ஒரு ஆளின்ரை காதிலை மாட்டிவிடும். இந்தப் பிள்ளை நிக்குதெல்லே" என்று என்னைக் காட்டினார். நான் தேர்க் கதையைச் சொன்னேன். அன்ரி அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நல்ல காரியம். உமக்கு நான் சொல்லித்தான் விளங்கோணும் எண்டில்லை."

"விளங்கேல்லை. சொல்லும்."

அன்ரி என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"வாயாலை சொல்ல ஏலாததை ஏன் செய்யச் சொல்லுறீர்?" என்றார் அக்கா.

அந்த நிமிடம் எழுந்து கைதட்ட வேண்டும் போல எனக்கு இருந்தது. ஆனால் மச்சாள் அழத் தொடங்கினார். "எனக்குப் பயமாக் கிடக்கு மச்சாள். அவளுக்கு ஒண்டும் ஆகிடக் கூடாது. நானும் இவ்வளவு காலம் மனுசன் இருந்தும் இல்லாமல் இருந்திட்டன். அவளெண்டாலும்..." என்றார். அதில் வஞ்சகம் இல்லை. அன்ரியின் ஆயிரம் பேச்சைவிட அந்தப் பயம்தான் அக்காவுக்கு வலித்தது. முகம் கறுத்துவிட்டது. தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மச்சாள், என்ரை மனுசன் காய்ச்சலிலை செத்தவர். என்ரை நிழல் பட்டுச் சாகேல்லை. அந்தப் பிள்ளையை நானும்தானே தூக்கி வளத்தனான்."

மச்சாள் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அக்கா அன்று முழுக்கச் சாமான் அறைக்குள் இருந்தார். நான் சோறு போட்டுக் கொடுத்தேன், சாப்பிடவில்லை. தம்பியிடம், "முடியாதாம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அவர் ஒன்றும் கோபிக்கமாட்டார். ஆனால் அந்த ஒரு நேரத்தை அவருக்குத் திரும்பக் கொடுக்க யாராலும் முடியாது. அவருக்கு இருந்தது ஒரே மகள்.

கலியாணத்தன்று காலை அக்கா வெளிக்கிட்டதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நூல்சேலை. கையில் ஒரு வளையல்கூட இல்லை. ஆனால் பின்னலில் மல்லிகைச் சரம், தோளில் விழுகிற அளவுக்கு.

"பட்டு சரசரக்கும். காப்பு கிலுங்கும். இரண்டும் அவன்ரை காதுக்குள்ளை விழும்" என்றார்.

"பூ?"

"வயரை மறைக்க வேண்டாமோ?"

கோயிலடி மண்டபத்தில் அவர் நுழைந்தபோது இரண்டு பெண்கள், "பாத்தியே, தன்ரை நிலைமை தெரிஞ்சு நூல்சேலையோடை வந்திருக்கிறா. நல்ல மனுசி" என்று மெச்சினார்கள். அக்கா அவர்களைக் கடந்து போனார். முதுகைப் பார்த்தார்கள், மல்லிகையைப் பார்த்தார்கள், வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. என் வாய் சும்மா இருக்குமா? "நிலைமைக்கு இல்லை, சத்தத்துக்கு" என்று சொல்லிவிட்டு நானும் பின்னாலே போனேன். அவர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

மணவறையின் வலப்பக்கம், மணப்பெண்ணைக் கை நீட்டித் தொடுகிற தூரத்தில், பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டு அக்கா நின்றார். தகப்பன் என்று ஒருவர் வந்திருந்தால் நிற்கக்கூடிய இடம். வீடியோக்காரர் வந்து, "அம்மா, கொஞ்சம் தள்ளுங்கோ, படத்துக்கை வாறியள்" என்றார். இன்னொரு தரம் கேட்டுவிட்டு அவர் கமராவைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விட்டார். ஐயர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மந்திரத்தை நிறுத்தவில்லை.

மணப்பெண் கூறை மாற்றிக்கொண்டு வந்து மணவறையில் இருந்தாள். தாலித் தட்டம் சபையைச் சுற்றி ஆசீர்வாதத்துக்குப் போனது. அந்த இடைவெளியில்தான் அன்ரி எழுந்தார். அக்காவின் வலக்காதுக்குக் கிட்டவாக வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"எத்தினை தரம் சொல்லுறது? பின்னுக்குப் போம். பிள்ளையின்ரை வாழ்க்கையிலை மண் போடாதேயும். பின்னுக்குப் போம்."

முந்தானையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார்.

அக்கா அசையவில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த மண்டபமே கேட்கிற மாதிரி ஒரு பதில் விழுந்திருக்கும். வாயைத் திறந்தால் தம்பியின் காதுக்குள் அக்காவின் சண்டைதான் கேட்கும், மகளுடைய கலியாணம் கேட்காது. காது மடல் இரண்டும் சிவந்தன. கண்ணில் நீர் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை, மூக்கை உறிஞ்சவில்லை, வாயால் மெல்ல மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் கத்தியிருப்பேன். என் சத்தமும் அங்கே போய் விழும் என்பதால் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் வாய் மூடி இருந்த நேரங்கள் குறைவு, அது ஒன்று.

கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. அக்கா நின்ற இடத்திலேயே நின்றார்.

பிறகு அறுகரிசி போடுகிற நேரம். அறுகம்புல்லும் அரிசியும் எடுத்து மணமக்களின் கால், முழங்கால், தோள், தலை என்று வைத்து வாழ்த்துவது பெரியவர்களின் உரிமை. கணவனும் மனைவியுமாகச் சோடியாக வந்து போடுவார்கள். அன்ரியும் கணவரும் போட்டார்கள். மச்சாள் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். அப்போது பிள்ளை தலையை நிமிர்த்தினாள். தாயைப் பார்க்கவில்லை. அக்காவின் காதைப் பார்த்து, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற சாதாரணக் குரலில் சொன்னாள்.

"அப்பா, வாங்கோ."

அக்கா தலையில் நிறைகுடம் இருக்கிற மாதிரி அடி எடுத்து வைத்தார். அன்ரி குறுக்கே வரப் பார்த்தார். அவரை முழங்கையால் ஒதுக்கியது நான் இல்லை, மச்சாள். எதற்கும் பயப்படுகிற அந்த மச்சாள்தான் தட்டத்தை அக்காவுக்கு முன்னால் நீட்டினார். அக்கா அறுகரிசி அள்ளி, கால், முழங்கால், தோள், தலை என்று வைத்தார். நான் அழுதேன், ஒளிக்கவில்லை.

பெட்டியை நிறுத்தியதும் அக்கா செய்த முதல் வேலை மண்டபத்தின் பின்பக்கம் போய்ச் சங்கு ஊதுகிற மாதிரி மூக்கைச் சிந்தியது. நான் செய்த முதல் வேலை சாப்பாட்டுப் பந்தியில் கொழும்பு அன்ரிக்குப் பக்கத்தில் போய் இருந்தது. பாயசம் வரும்வரை பொறுத்தேன்.

"அன்ரி, உங்கடை குரல் நல்ல வடிவா விழுந்திருக்கும். வலக்காதிலை."

அவருக்கு அதன் பிறகு பாயசம் இறங்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அன்ரி மச்சாளையும் கூட்டிக்கொண்டு வந்தார். இந்தமுறை சாமான் அறை வாசல்வரைக்கும் வந்துவிட்டார். சுவரில் தொங்கிய கூறைச்சேலையைக் கண்டு ஒரு கணம் நின்றார்.

"அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடும். சின்னத் துண்டுதானே" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கண் தெரியாத மனுசன். கேட்டால் மனம் நோகும்."

"எனக்கு நோகாதோ எண்டு நீர் ஒருக்காலும் கேக்கேல்லை" என்றார் அக்கா. "வெட்டமாட்டன். நீர் சொன்னது நடந்ததுதானே? நடந்ததை நான் வெட்டுறதில்லை. அதோடை, நேற்றே அனுப்பியாச்சு."

அன்ரி ஒடியல் சாக்கின் மேலேயே இருந்துவிட்டார். மச்சாள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அறையில் கதைக்காமல் இருந்தால் சொந்த இரத்தம் ஓடுகிற சத்தம்கூடக் கேட்கும்.

சிறிது நேரத்தில் தொலைபேசி அடித்தது. தம்பிதான். அக்கா தனியே எடுத்துக்கொண்டு போகவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"கேட்டனியோ?" என்றார்.

"கேட்டனான். திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு இருக்கிறன். ஓமத்துக்கை நெய் விழேக்கை சூடு அடிக்கிற மாதிரி முகத்தைத் திருப்பினனான் அக்கா. பிள்ளையின்ரை காப்புச் சத்தம் இடப்பக்கத்திலை, இந்தா, கையை நீட்டினால் பிடிக்கலாம். என்னைக் கூப்பிட்டாள். அப்பா வாங்கோ எண்டாள். அரிசி விழுந்ததும் கேட்டது."

மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனால் அக்கா, தாலி கட்ட முன்னம் ஆரோ என்ரை வலக்காதுக்குக் கிட்ட வந்தது. பின்னுக்குப் போ எண்டு சொன்னது. ஒருக்கால் இல்லை, ரெண்டுதரம்."

அன்ரி தலையைக் குனிந்துகொண்டார். ஆர் அது என்று தம்பி கேட்பார் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அவர் கேட்கவில்லை.

"நான் போகேல்லை அக்கா" என்றார்.